தண்ணீர் போலிருக்கும், நூலாக நீளும்: நீர்த்த பாலிமர் கரைசல்களின் மீள்தன்மையை அளப்பது ஏன் இவ்வளவு கடினம்?

இரண்டு சீசாக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 0.1 கிராம் பாலிஎதிலீன் ஆக்சைடு என்ற பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறு, கரைந்திருக்கிறது; மூலக்கூறு எடை சுமார் 40 லட்சம். குலுக்கிப் பார்த்தாலும் ஊற்றிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. நுண்குழாய் விஸ்கோமீட்டரில் ஓடவிட்டால் இரண்டாவது சீசா 15 சதவீதம் போலக் கூடுதல் பாகுத்தன்மை காட்டும். அவ்வளவுதான். ஆனால் அதிலிருந்து ஒரு சொட்டை விரலிடுக்கில் வைத்துச் சட்டென்று விரலை விரித்தால் கதை மாறிவிடும். தண்ணீர் அந்த நொடியே அறுந்து இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். மற்றது மயிரிழை போல ஒரு நூலாகிக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். வெறும் கண்ணுக்கு அது ஒரு மினுக்கல்தான். கைபேசியின் மெதுவோட்ட வீடியோவில் நூல் நன்றாகவே தெரியும். எச்சிலை வைத்துச் செய்தால் இதே காட்சி இன்னும் தெளிவு, ஏனென்றால் எச்சிலிலும் மியூசின் என்ற நீண்ட சங்கிலிகள் இருக்கின்றன.

கண்ணுக்குத் தெரிகிற இந்த நெகிழ்வை விலையுயர்ந்த ரியோமீட்டரில் (திரவத்தின் பாகுத்தன்மையையும் மீள்தன்மையையும் அளக்கும் கருவி) அளக்கப் போனால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. இன்னும் மோசம், தவறான எண் ஒன்று அழகான வரைபடமாகவே கிடைத்துவிடும். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்: நீர்த்த கரைசலின் மீள்தன்மை எப்போதும் ஒரே அளவில் இருந்துகொண்டு கருவிக்காகக் காத்திருப்பதில்லை. மூலக்கூறை நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது வெளியே வருகிறது.

இது ஆய்வுக்கூடத்துக்குள் முடிகிற விஷயமும் இல்லை. 1948-இல் நெதர்லாந்தில் நடந்த முதல் சர்வதேச ரியாலஜி (பொருள்கள் ஓடுவதையும் உருமாறுவதையும் ஆராயும் துறை) மாநாட்டில் டாம்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் ஒரு விசித்திரத்தைச் சொன்னார். குழாயில் கொந்தளித்து ஓடும் குளோரோபென்சீனில் மிகக் கொஞ்சம் பாலிமெத்தில் மெத்தக்ரிலேட்டைக் கரைத்தால் உராய்வு குறைகிறது. பாகுத்தன்மை கூடியிருக்கும்போது ஓட்டம் எளிதாகிறது! 1979 முதல் அலாஸ்காவின் கச்சா எண்ணெய்க் குழாயில் இதே உத்தியை நிஜமாகவே பயன்படுத்தினார்கள். 1984 டிசம்பரில் நாசாவும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும் சேர்ந்து ஒரு போயிங் 720 விமானத்தை ஆளில்லாமல் பாலைவனத்தில் மோதவிட்டன. எரிபொருளில் பாலிமர் கலந்திருந்தால் மோதலின்போது அது மென்பனி போலச் சிதறாது, அதனால் தீப்பிடிக்காது என்பது எதிர்பார்ப்பு. விமானம் திட்டமிட்டபடி இறங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து மோதியது; பெரிய தீப்பந்தே எழுந்தது. குழாய் ஓட்டத்திலும் சரி, எரிபொருள் சிதறலிலும் சரி, வேலை செய்ய வேண்டியது அந்தச் சில மில்லி விநாடி நெகிழ்வுதான். அதை அளக்கத் தெரியாமல் இந்தக் கரைசல்களை வடிவமைப்பது இருட்டில் கை விடுவது போல.

ஒரு மூலக்கூறின் கணக்கு

சரி, நம் இரண்டாவது சீசாவுக்குள் போவோம். ஒவ்வொரு சங்கிலியும் சும்மா இருக்கும்போது தளர்வான நூற்பந்து போலச் சுருண்டு கிடக்கிறது. குறுக்களவு சுமார் 300 நானோமீட்டர். முழுக்க நீட்டினால் 30 மைக்ரோமீட்டர் பக்கம் வரும். அதாவது நூறு மடங்கு. நீட்டிவிட்டால் வெப்ப அசைவுகள் அதை மறுபடி சுருட்டிவிடும். சுருட்ட ஆகும் காலம்தான் தளர்வு நேரம். 1953-இல் ரௌஸ், 1956-இல் ஜிம் ஆகியோர் இதற்கான கோட்பாட்டைக் கட்டினார்கள். ரௌஸின் மாதிரியில் சங்கிலியின் துண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திரவத்தில் உராய்கின்றன. ஒரு துண்டு நகரும்போது சுற்றியுள்ள திரவத்தையும் இழுத்துக்கொண்டுபோய் மற்றத் துண்டுகளையும் அசைக்கிறது என்பதை ஜிம் சேர்த்தார். நீர்த்த கரைசலுக்குப் பொருந்துவது ஜிம்முடையது. அதன்படி நம் சங்கிலிக்குத் தளர்வு நேரம் ஏறத்தாழ 1 மில்லி விநாடி.

மீள்விறைப்பு எவ்வளவு? கரைசலில் உள்ள ஒவ்வொரு சங்கிலியும் போல்ட்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கிய அளவு ஆற்றலைப் பங்களிக்கிறது. நம் சீசாவுக்குக் கூட்டினால் 0.06 பாஸ்கல். ரப்பரின் விறைப்பு மில்லியன் பாஸ்கல் அளவில் இருக்கும். இந்த 0.06-உம் முழுசாகக் கிடைப்பதில்லை. தளர்வு நேரத்தைவிட வேகமாக அசைத்தால்தான் அதை நெருங்க முடியும்.

இப்போது கூம்பும் தட்டும் உள்ள வழக்கமான ரியோமீட்டரில் சொட்டை வைத்து, கூம்பை முன்னும் பின்னுமாக அசைப்போம். 40 மில்லிமீட்டர் கூம்பு, 1 பாகைச் சரிவு, அலைவு விநாடிக்கு 10 ரேடியன். இந்த வேகத்தில் கரைசலின் சேமிப்புக் குணகம், அதாவது மீள் பங்கு, 0.000006 பாஸ்கல் அளவு. இழப்புக் குணகம், அதாவது பாகுப் பங்கு, 0.01 பாஸ்கலுக்குச் சற்று மேல். இரண்டுக்கும் இடையே ஈராயிரம் மடங்கு போல வித்தியாசம். கூம்பின் அசைவுக்கும் திரவத்தின் எதிர்விசைக்கும் இடையிலான கட்ட வித்தியாசமாகச் சொன்னால், சுத்தமான பாகுத் திரவத்துக்கு 90 பாகை. நம் கரைசலுக்கு 89.97.

இந்த 0.03 பாகையைக் கண்டுபிடிக்க வேண்டும். யாரோடு போட்டி போட்டு? முதலில் கூம்போடு. அதுவும் அதைச் சுழற்றும் தண்டும் சேர்ந்து ஒரு நிலைமம் வைத்திருக்கின்றன. அதன் நிலைமத் திருப்புத்திறன் ஒரு கிலோகிராம் சதுரமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், அந்த உலோகத்தைத் திருப்பித் திருப்பி ஆட்டவே தேவைப்படும் முறுக்கம், கரைசலின் மீள்முறுக்கத்தைப் போல ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். வேறு கட்டத்தில் இருந்தாலாவது பிரித்துவிடலாம். அதுவோ மீள்விசைக்கு நேர் எதிர்க்குறியில், அதே கோட்டில் கிடக்கிறது. மென்பொருள் இதைக் கழித்துத்தான் எண்ணைத் தருகிறது. கழித்தலில் லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் போதும், தண்ணீருக்கே மீள்தன்மை வந்துவிடும்.

வேகத்தைக் கூட்டலாமே என்று தோன்றும். விநாடிக்கு 1000 ரேடியனுக்குப் போனால் மீள் பங்கு 0.03 பாஸ்கலாக உயரும், உண்மைதான். ஆனால் அந்த வேகத்தில் தண்ணீரில் அலைவு 45 மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள்ளேயே தேய்ந்துவிடுகிறது. கூம்பின் விளிம்பில் இடைவெளியோ 350 மைக்ரோமீட்டர். மேலே கூம்பு ஆட, கீழ்த்தட்டுக்கு அருகில் உள்ள திரவம் தூங்கிக்கொண்டிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே சீரான சறுக்குப் பெயர்ச்சி, அதாவது திரவ அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஒரே அளவில் நழுவுகின்றன என்ற அடிப்படை அனுமானமே அங்கே காலி.

பரப்பு இழுவிசையும் சேர்ந்து படுத்தும். விளிம்பில் திரவம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஒட்டியிருந்தால் அது முறுக்கம் தராது. ஒரு பக்கம் ஒரு துளி கூடுதலாகப் பிதுங்கியிருந்தாலோ தட்டில் ஒரு கறை இருந்தாலோ, சுழலச் சுழல ஒரு பொய் முறுக்கம் வரும். மெதுவான வேகங்களில் தண்ணீருக்குப் பாகுத்தன்மை ஏறிக்கொண்டே போவது போல வரைபடம் காட்டுவது இதனால்தான். அந்த வரைபடத்தைப் பார்த்து, தண்ணீருக்குள் ஏதோ கட்டமைப்பு உருவாகிறது என்று விளக்கம் எழுதத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே என் பரிந்துரை ஒன்றுதான்: கரைசலை வைப்பதற்கு முன் வெறும் கரைப்பானை அதே வடிவமைப்பில், அதே கன அளவில், அதே அலைவெண்களில் ஓட்டிப் பாருங்கள். அதற்கு மீள்தன்மை தெரிந்தால் உங்கள் கரைசலின் எண்ணையும் நம்ப வேண்டாம்.

தொடர்ச்சியாகச் சுழற்றி, தட்டுகளைத் தள்ளிப் பிரிக்கும் செங்குத்துத் தகைவை அளக்கும் வழியும் உண்டு. நம் சீசாவுக்கு விநாடிக்கு 1000 என்ற சறுக்கு வீதத்தில் அது 0.1 பாஸ்கலைக் கொஞ்சம் தாண்டும். அதே சுழற்சியில் திரவம் வெளியே எறியப்படுவதால் தட்டுகளை உள்ளிழுக்கும் விளைவு சுமார் 18 பாஸ்கல். இதற்கு மேல் இந்த வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சுற்றி வளைத்த வழிகள்

முன்னோடிகள் இந்தச் சுவரை இரண்டு பக்கமிருந்தும் உடைத்தார்கள். ஒன்று, மிக உயர்ந்த அலைவெண். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபெர்ரியின் குழு திரவத்தில் மூழ்கிய ஒத்ததிர்விகளை, அதாவது தமக்கே உரிய அலைவெண்ணில் அதிரும் கருவிகளை, பயன்படுத்தியது. ஒத்ததிர்வின் அலைவெண்ணும் தணிப்பும் எவ்வளவு நகர்கின்றன என்று பார்த்து, பல செறிவுகளில் அளந்து, செறிவு பூச்சியமாகும் எல்லைக்கு நீட்டிப் பார்த்தார்கள். ஜிம்மின் கோட்பாடு நின்றது இந்தப் பொறுமையான வேலையால்தான். 1995-இல் மேசனும் வைட்ஸும் காட்டிய வழி, திரவத்தில் மிதக்கும் நுண்மணிகளின் நடுக்கத்தை ஒளிச்சிதறலால் படித்து மிக வேகமான அசைவுகளுக்குப் போவது. அங்கே கூம்பும் இல்லை, தண்டும் இல்லை. ஆனால் அளக்கப்படுவது அதே சிறிய நேரியல் மீள்தன்மைதான் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்று, கரைப்பானையே மாற்றுவது. தளர்வு நேரம் கரைப்பானின் பாகுத்தன்மைக்கு நேர்விகிதம். தண்ணீரைவிடப் பத்தாயிரம் மடங்கு பாகான ஒன்றில் சங்கிலியைக் கரைத்தால் 1 மில்லி விநாடி 10 விநாடியாகிவிடும். சாதாரண ரியோமீட்டரே போதும். ஆஸ்திரேலியாவில் டேவிட் போகர் 1977-இல் கெட்டியான சர்க்கரைப் பாகில் துளியளவு பாலியக்ரிலமைடைக் கரைத்து உருவாக்கிய திரவம் இந்த வகை. பாகுத்தன்மை மாறாமல், மீள்தன்மை மட்டும் வெளிப்படும். இன்றும் இவ்வகைத் திரவங்களுக்குப் போகர் திரவம் என்றுதான் பெயர். கோட்பாட்டைச் சோதிக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது. ஆனால் உங்களுக்கு வேண்டியது தண்ணீர்க் கரைசலின் எண் என்றால் இது உதவாது. நல்ல கரைப்பானா, சுமாரானதா என்பதைப் பொறுத்துச் சுருளின் அளவே வேறு.

அசைக்காதே, இழு

விரலிடுக்கு நூலுக்கே திரும்பி வருவோம். அங்கே நடப்பது சறுக்கு அல்ல, இழுப்பு. சறுக்கு ஓட்டத்தில் மூலக்கூறு கொஞ்சம் நீளும், அப்புறம் புரண்டுவிடும், மறுபடி சுருளும். இழுப்பு ஓட்டத்தில் புரள இடமில்லை. இரண்டு முனைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். 1974-இல் டி ஜென் விளக்கியது இது: இழுப்பு வீதத்தையும் தளர்வு நேரத்தையும் பெருக்கினால் வரும் எண் ஏறக்குறைய அரையைத் தாண்டியதும் சுருள் திடீரென்று நீண்ட நிலைக்குத் தாவுகிறது. நீண்ட சங்கிலி திரவத்தை இன்னும் பலமாகப் பற்றிக்கொள்கிறது, அதனால் இன்னும் நீளுகிறது. சாதாரணத் திரவத்தில் இழுப்புப் பாகுத்தன்மை சறுக்குப் பாகுத்தன்மையின் சரியாக மூன்று மடங்கு. இதை 1906-இலேயே ட்ரவுட்டன் கண்டுவிட்டார். பாலிமர்க் கரைசலில் இந்த மூன்று, நூறுகளுக்கும் ஆயிரங்களுக்கும் ஏறும். 0.06 பாஸ்கல் சமாச்சாரம் குழாய் ஓட்டத்தையே மாற்றுவது இப்படித்தான்.

1990-களில் ஸ்டீவன் சூவின் குழு ஒளிரும் சாயமேற்றிய டிஎன்ஏ மூலக்கூறுகளை இழுப்பு ஓட்டத்தில் விட்டு ஒவ்வொன்றாகப் படம் பிடித்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: ஒரே நீளமுள்ள மூலக்கூறுகள், ஒரே ஓட்டம், ஆனாலும் ஒவ்வொன்றும் தன்போக்கில் நீளுகிறது. ஒன்று நடுவில் மடிந்து கொண்டைஊசி போல வருகிறது. இன்னொன்று ஒரு முனையில் முடிச்சுப் போல நின்று மெதுவாக அவிழ்கிறது. தொடக்கத்தில் எப்படிச் சுருண்டிருந்தது என்பதே அதன் கதியைத் தீர்மானிக்கிறது. நாம் அளக்கும் ஒற்றை எண்ணுக்குப் பின்னால் இத்தனை தனித்தனிக் கதைகள்.

இழுப்பை அளப்பதும் லேசில் கைகூடவில்லை. 1980-களின் இறுதியில் எம்1 என்று பெயரிட்ட ஒரே போகர் திரவத்தைப் பல ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி, ஒவ்வொருவரும் தங்கள் கருவியில் இழுப்புப் பாகுத்தன்மையை அளந்தார்கள். வந்த விடைகள் பத்து, நூறு மடங்குகளில் சிதறிக் கிடந்தன. யாரும் கவனக்குறைவாக அளக்கவில்லை. ஒவ்வொரு கருவியும் மூலக்கூறை வேறு அளவுக்கு, வேறு நேரத்துக்கு இழுத்திருந்தது. நீளத்தொடங்கும் சங்கிலியை இன்னும் எவ்வளவு நேரம் இழுக்கப்போகிறோம் என்பதே முக்கியம் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பிறகு, திரவத்தை இரண்டு தட்டுகளுக்கு இடையே வைத்து இழுப்பு வீதம் மாறாமல் கட்டுப்படுத்தி நீட்டும் கருவிகள் வந்தன. 2001-இல் மூன்று ஆய்வுக்கூடங்களின் அளவீடுகளை ஒப்பிட்டபோது அவை ஒத்துப்போயின. போகர் திரவங்களுக்கு அது சரி. தண்ணீர் போன்றவற்றுக்கு அந்தக் கருவி ஒத்துவராது. இழுத்து முடிப்பதற்குள் சொட்டு அறுந்துவிடும்.

தண்ணீர்க் கரைசல்களுக்குக் கைகொடுத்தது வேறொரு எளிய யோசனை. நாம் இழுக்க வேண்டாம், பரப்பு இழுவிசையே இழுக்கட்டும். 1990 வாக்கில் பசிலெவ்ஸ்கி, என்டோவ், ரோஷ்கோவ் என்ற ரஷ்ய ஆய்வாளர்கள் முன்வைத்தது இது. சொட்டை இரு தட்டுகளுக்கு நடுவே வைத்துச் சட்டென்று பிரித்துவிட்டு, நூல் தானாக மெலிவதைப் படம் பிடிப்பார்கள். தண்ணீர் என்றால் கழுத்து ஒடுங்கி வேகமாக அறுந்துவிடும். பாலிமர் இருந்தால் ஒரு கட்டத்தில் நூல் உருளை வடிவத்துக்கு வந்து நிதானமாக மெலியத் தொடங்குகிறது. பரப்பு இழுவிசை நெருக்குகிறது, நீண்ட சங்கிலிகள் எதிர்க்கின்றன, இரண்டும் சமன். அப்போது விட்டம் அடுக்குக்குறி முறையில் குறையும்: தளர்வு நேரத்தின் மூன்று மடங்கு காலம் கடக்கும்போதெல்லாம் விட்டம் சுமார் 37 சதவீதமாகச் சுருங்கும். மடக்கை அச்சில் வரைந்தால் ஒரு நேர்கோடு. அதன் சாய்விலிருந்து தளர்வு நேரம் வந்துவிடுகிறது. பரப்பு இழுவிசையின் மதிப்போ சொட்டின் சரியான அளவோ தெரிய வேண்டியதில்லை. ஒரு அளவுகோலும் கடிகாரமும் இருந்தால் போதும் என்கிற இந்த எளிமை என்னை இன்றும் கவர்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள தண்ணீர்க் கழுத்து அறுவதற்கான இயல்பு நேரம் 4 மில்லி விநாடிக்குள். வர்த்தகக் கருவியில் தட்டுகள் பிரியவே 50 மில்லி விநாடி போல ஆகும். பிரிந்து முடிவதற்குள் சொட்டு ஆடித் தத்தளிக்கும். ஆகவே 1 மில்லி விநாடிக்குக் கீழே உள்ள தளர்வு நேரங்கள் இதில் தடுமாறும். தட்டுகளை மிக மெதுவாகப் பிரித்து, சொட்டு தானாக நிலைகுலையும் வரை காத்திருப்பது ஒரு மாற்று. ஊசி முனையிலிருந்து சொட்டைக் கீழேயுள்ள கண்ணாடித் தகட்டில் மெல்லத் தொடவிட்டு, நடுவில் உருவாகும் கழுத்தை அதிவேகக் கேமராவில் பிடிப்பது இன்னொன்று. இது 2015-இல் சிகாகோவிலிருந்து பரவிய முறை. ஊசியும் விளக்கும் நல்ல கேமராவும் இருந்தால் யாரும் செய்துவிடலாம்.

இப்போது உண்மையான குழப்பம். கோட்பாட்டின்படி, நீர்த்த கரைசலில் சங்கிலிகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. எனவே தளர்வு நேரம் செறிவைச் சார்ந்திருக்கக் கூடாது. ஆனால் நூல் மெலிவில் அளந்தால், நீர்த்தது என்று நாம் எண்ணும் கரைசலிலும் செறிவு கூடக் கூடத் தளர்வு நேரம் கூடுகிறது. ஜிம் சொன்னதைவிடச் சில மடங்கு அதிகமாகவும் வருகிறது. நம் சீசாவையே பாருங்கள். அக்கம்பக்கத்துச் சுருள்களின் மையங்களுக்கு இடையே 400 நானோமீட்டர் தூரம். 300 நானோமீட்டர்ப் பந்துகளாக இருக்கும்வரை ஒன்றோடொன்று உரசாது. நூலில் அகப்பட்டு 10 மைக்ரோமீட்டருக்கு நீண்டபின்? ஒவ்வொரு சங்கிலியும் எத்தனையோ அண்டைச் சங்கிலிகளின் இடத்தை ஊடுருவிப் போகிறது. ஓய்வில் நீர்த்தது, இழுப்பில் நீர்த்தது அல்ல. சுருள்கள் மேற்படியத் தொடங்கும் செறிவில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போனால்தான் இழுப்பிலும் உண்மையான நீர்த்த நிலையை எதிர்பார்க்கலாம். அவ்வளவு கீழே போனால் இன்னொரு சிக்கல்: நூல் நிதானமாக மெலியும் கட்டம் வருவதற்குள் சங்கிலிகள் முழு நீளத்தையும் எட்டிவிடும். நேர்கோடு என்று நாம் பொருத்தியது நேர்கோடே இல்லாமல் போகும்; எண் குறைத்துக் காட்டும்.

அளவீட்டுக்கு முந்தைய வேலையிலும் அதே கவனம் வேண்டும். பாலிமர்த் தூளைத் தண்ணீரில் மொத்தமாகக் கொட்டினால் வெளிப்புறம் ஊறிக் கட்டி தட்டிவிடும். உள்ளே காய்ந்த தூள் அப்படியே இருக்கும். தூவித் தூவிப் போட வேண்டும். கரையவில்லையே என்று காந்தக் கலக்கியை வேகமாகச் சுழலவிட்டால் கரையும், ஆனால் மிக நீண்ட சங்கிலிகள் நடுவில் அறுந்துபோகும். சீசாவை உருளியில் வைத்து ஒன்றிரண்டு நாள் மெதுவாக உருட்டுவதே நல்லது. நுண்துளை வடிகட்டியில் அழுத்தித் தள்ளுவதும் அறுக்கிற வேலைதான். பாலிஎதிலீன் ஆக்சைடு சும்மா வைத்திருந்தாலும் ஆக்சிஜனேற்றத்தால் நாளடைவில் சிதையும்.

இந்தச் சிதைவைப் பாகுத்தன்மை காட்டிக்கொடுக்காது. நம் சீசாவில் சங்கிலிகள் சராசரியாகப் பாதியாக அறுந்து 40 லட்சம் 20 லட்சமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கரைசலின் பாகுத்தன்மை 5 சதவீதம்கூடக் குறையாது. விஸ்கோமீட்டரைப் பார்க்கிறவர் கரைசல் நன்றாகத்தான் இருக்கிறது என்பார். தளர்வு நேரமோ மூன்றில் ஒரு பங்காகியிருக்கும். அதே சீசாவிலிருந்து அடுத்த வாரம் எடுத்த சொட்டின் நூல் சீக்கிரமே அறுந்தால், கேமராவைச் சந்தேகிப்பதற்கு முன் சீசாவின் மேல் ஒட்டிய தேதியைப் பாருங்கள்.